சம்பந்தி வீட்டு இன்ஜின்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிப்பதா, கிழிப்பதா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. மண்டப வாசலில் உங்கள் கார் கிளம்ப மாட்டேன் என்று நின்றபோது, "டிரைவிங் ஸ்கூல் நடத்துறவங்க வண்டியே தள்ளுவண்டியா?" என்று நான் கேட்டேன். "பல்செட் செய்யுறவருக்குப் பல்லைவிட நாக்கு நீளம்" என்று நீங்கள் சொன்னீர்கள். கூடி நின்றவர்கள் இரண்டுக்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்குப் போன அக்டோபரில் பக்கவாதம் வந்தது. நாற்றுப் பண்ணையில் ரோஜாச் செடிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். உயிருக்குப் பயமில்லை. பேச்சு மெதுவாகத் திரும்பிவிட்டது. இடது காலும் இடது கையும்தான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு நாற்றுகளை அடுக்கிக்கொண்டு இந்த மலை முழுக்க அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் குடும்ப ஏற்பாடு அதுதான்.

அவளோடு நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்களில் இங்கே உறைபனி கொட்டிவிட்டது. இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளேயே பனிக்கட்டியாகி, வார்ப்பு இரும்பு வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துவிட்டது. எங்கள் மெக்கானிக்கின் பெயரே 'பொறுமை'. எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். அவரே பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "புது இன்ஜின் எதுவும் இதுல உக்காராதுங்க. இதே கம்பெனி, இதே காலத்து வண்டியோடது வேணும். அது கெடைக்கறதுக்குள்ள நமக்கே ஸ்பேர் தேட வேண்டியிருக்கும்" என்றார்.

வண்டி போனதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி நடைப் பயிற்சிக்கு வர மறுக்கிறாள். கையைப் பிடித்து எழுப்பினால், "நடந்து எங்க போகப் போறேன்?" என்கிறாள். மலையே ஏறி இறங்கியவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டி மறுபடி உறுமுவதைக் கேட்டாலாவது எழுந்திருப்பாள் என்று ஒரு நப்பாசை. ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கொட்டகையில் அதே கம்பெனி வண்டி இன்னொன்று உதிரி சாமானுக்காக நிற்கிறது என்று மருமகள் சொன்னாள். அதன் இன்ஜினைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். முடியாது என்றாலும் வருத்தமில்லை. பதில் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 17

ஐயா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு அக்டோபரில் முடியாமல் போயிருக்கிறது. எனக்குப் பிப்ரவரியில் தெரிகிறது. என் பெண்ணைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். "நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதில்லையே. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று திருப்பிக் கேட்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் கோபம் கோபம்தான்.

இனி உங்கள் விஷயம். என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்றில்தான் தினமும் பாடம் நடக்கிறது. மற்றது நான் ஸ்கூல் தொடங்கியபோது வாங்கிய முதல் வண்டி. ஒரு லாரி பின்னால் வந்து மோதியதில் இடுப்பொடிந்து கொட்டகையில் கிடக்கிறது. முன்பக்கம் இன்ஜின் அப்படியே இருக்கிறது, ஆனால் ஓடி நாளாகிவிட்டது.

ஒரே கம்பெனி என்றால் அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். என் வண்டிகள் உங்களுடையதைவிட மூத்தவை. நடுவில் அந்தக் கம்பெனிக்காரன் எதையெதையோ நகர்த்தியிருக்கிறான். இன்ஜினைத் தாங்கும் முன் கால்களில் ஓட்டைகள் எங்கெங்கே, கிளட்ச் தட்டுக்குள் நுழையும் தண்டு எவ்வளவு தடிமன், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இந்த மூன்றும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். "பெரிசா இருக்கு", "சின்னதா இருக்கு" என்றெல்லாம் எழுதாதீர்கள். அளந்து எழுதுங்கள். உங்கள் மெக்கானிக் எவ்வளவு பொறுமையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அளவு மட்டும் சீக்கிரம் வரட்டும்.

அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தது போதும் என்று சொன்னதாகவும் சொல்லுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா


பிப்ரவரி 26

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். "அவங்க கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அப்ப குடுத்துருவாங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. பெண்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

தனியாக ஒரு மரப்பெட்டி வரும். பயப்படாமல் திறந்து பாருங்கள்.

நீங்கள் கேட்ட அளவை எடுக்கப் பொறுமையும் நானும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தோம். அவர் ஒரு அளவு சொன்னார், நான் வேறொன்று சொன்னேன். மூன்றாம் தடவை அளந்தபோது புதிதாக இன்னொன்று வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள் மயிரிழை பிசகாமல் பொருந்துகிற சாமான் செய்து கொடுக்கிறவன் நான். நேரே என் பட்டறைக்குப் போய்ப் பல் அச்சு எடுக்கும் மாவைக் கரைத்துக்கொண்டு வந்தேன். இன்ஜினின் கால்கள், கிளட்ச் தண்டின் முனை, அந்த ஓட்டைகள் வரிசை எல்லாவற்றுக்கும் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி வார்த்துவிட்டேன். பொறுமை பார்த்துக்கொண்டே நின்றார். "வண்டிக்கு வாய் கொப்புளிக்கத் தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டார்.

ஆகவே பெட்டியில் இருப்பது எங்கள் வண்டியின் பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் இன்ஜின்மேல் வைத்துப் பார்த்தாலே சேருமா சேராதா என்று தெரிந்துவிடும்.

விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. அந்தத் தடிமனுக்கு ஒரு மெழுகுக் கட்டையும் வைத்திருக்கிறேன். என் கட்டைவிரலை அனுப்ப முடியாதல்லவா?

இன்னொரு செய்தி. பட்டறையில் நான் செய்துகொண்டிருந்ததைப் பார்க்க அவள் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்தாள். பார்த்துவிட்டு, "கிளட்ச் தண்டு அது. தலைகீழா வெச்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

நன்றியுடன்,
சம்பந்தி


மார்ச் 12

சம்பந்திக்கு,

பெட்டியை என் மாணவர்கள் முன்னால் திறந்து தொலைத்தேன். வைக்கோலுக்குள் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் துண்டுகள். எதிர்க்கடை தையல்காரர், "என்னம்மா, யாரோட எலும்பு?" என்று கேட்டார். "சம்பந்தி வீட்டுச் சீர்" என்றேன். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன், அதற்கு நன்றி.

வேலை அருமை. என் இன்ஜின்மேல் வைத்துப் பார்த்தேன். கால்களில் எல்லா ஓட்டையும் சேர்கிறது, ஒன்று மட்டும் தள்ளி நிற்கிறது. அதனால் என் இன்ஜினின் கால்களைக் கழற்றிவிட்டு, வெடித்துப்போன உங்கள் இன்ஜினின் கால்களை இதில் மாட்டிக்கொள்ளுங்கள். கிளட்ச் தண்டும் சேரவில்லை, உங்களுடையது தடிமன். அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் இன்ஜினின் பின்பக்க ஃப்ளைவீல் சக்கரத்தையும் கிளட்ச் தட்டையும் அப்படியே எடுத்து இதில் பூட்டச் சொல்லுங்கள். விசிறி இடிக்கும். ரேடியேட்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, நடுவில் ரப்பர் வையுங்கள். பொறுமையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், அவருக்குப் புரியும்.

இன்ஜின் நாளை லாரியில் ஏறுகிறது. விலை என்று ஒரு வார்த்தை எழுதினால் திருப்பி அனுப்பச் சொல்வேன்.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று நீங்கள் சிரித்ததும் நான் பதிலுக்குச் சொன்னதும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்து, கடன்பட்டு மண்டபம் பிடித்து, கடைசியில் எல்லோரும் பார்க்க வண்டி மானத்தை வாங்கிவிட்டதே என்று. அப்போது அண்ணி வந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய புதுப் புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நம்ம வண்டி ரெண்டும் ஒரே ரத்தம். எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று உள்ளே கையைவிட்டார்கள். கழன்றிருந்த வயரைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். கையெல்லாம் கரி. வண்டி கிளம்பியதும், "இவர் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி, இவருக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது" என்றார்கள். அந்தக் கரிக்கையோடுதான் போய் மணமக்களை ஆசீர்வதித்தார்கள்.

நான் அன்றைக்கு நன்றி சொல்லவில்லை. கோபத்தில் வாய் வரவில்லை. இன்ஜின்தான் இப்போது அதைச் சொல்ல வருகிறது.

இன்ஜினோடு சாக்கில் கட்டி ஒரு பொட்டலமும் இருக்கும். அதை அண்ணி கையில் கொடுங்கள். நீங்கள் பிரிக்க வேண்டாம்.

சம்பந்தி


ஏப்ரல் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அவள் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவள் கைக்கரியைப் பார்த்து, "சமையல்கட்டுல உனக்கென்ன வேலை?" என்று வேறு கேட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஆமா" என்றாள், அவ்வளவுதான். ஆனால் முகத்தில் ஒரு களை வந்தது.

இன்ஜின் வந்து சேர்ந்தது. நீங்கள் எழுதியதைப் பொறுமை ஒருமுறை வாசிக்கக் கேட்டார், பிறகு கடிதத்தையே வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டார். கால்களை மாற்றினார். சக்கரத்தையும் கிளட்ச் தட்டையும் மாற்றினார். ரேடியேட்டரைத் தள்ளினார். சங்கிலியில் தொங்கிக்கொண்டு இன்ஜின் உள்ளே இறங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் முதன்முதலாகப் பல்செட்டைப் பொருத்தும்போதும் அப்படித்தான் நிற்பேன். கடைசி போல்ட் விரலாலேயே நுழைந்தது. பொறுமை என்னைப் பார்த்து, "கடிச்சுப் பாருங்கன்னு சொல்லலாமா சார்?" என்றார்.

சாவியைத் திருப்பியதும் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. நாங்கள் முற்றத்தில் நின்றிருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "சோக்கை உள்ள தள்ளுங்க! பெட்ரோல் வாடை மூக்கு வரைக்கும் வருது!" திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறாள். ஊன்றுகோலோடு, தனியாக.

பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு பெடல்கள், சில கம்பிகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதாள். படுத்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. "என்ன ஆச்சு?" என்று பதறினேன். "எனக்குக் கால் அனுப்பியிருக்காங்க" என்றாள்.

தயவுசெய்து எனக்குப் புரியும்படி எழுதுங்கள்.

நன்றியுடன், குழப்பத்துடன்,
சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்திக்கு,

கத்துக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்துக்கான பெடல்கள் அவை. கிளட்ச் ஒன்று, பிரேக் ஒன்று. என் முதல் வண்டியிலிருந்து கழற்றியது. மாணவர் தப்பாக மிதித்தால் நான் இந்தப் பக்கத்திலிருந்து மிதித்துக் காப்பாற்றுவேன். இரண்டு பக்கமும் கம்பியால் பிணைத்திருக்கும்.

அண்ணிக்கு எது வரவில்லை? இடது கால். இடது காலுக்கு வண்டியில் ஒரே வேலைதான், கிளட்ச். அதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கப் போகிறீர்கள். கியரையும் நீங்களே போடப் போகிறீர்கள். ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் எல்லாம் அண்ணி. ஆபத்து என்றால் உங்களிடமும் ஒரு பிரேக் இருக்கிறது. இவ்வளவு நாள் பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்தீர்கள், இனிமேல் வேலை செய்துகொண்டே பயப்படுங்கள்.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பார்வையும் வலது பக்கமும் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால்தான் வண்டி நகர வேண்டும். அதுவும் ஆளில்லாத மைதானத்தில். லைசென்ஸ் அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கும்வரை சாலைக்கு வரவே கூடாது.

உங்களுக்கு முதல் பாடம்: கிளட்சை மிதிக்கும்போது வேகம், விடும்போது நிதானம். தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை எப்படி எடுப்பீர்கள், அப்படி. அண்ணி சொன்னால்தான் மிதிக்க வேண்டும், சொன்னால்தான் விட வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சம்பந்தி


மே 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பயிற்சிக்கு ஒழுங்காக வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவள் இப்போது எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நிற்கிறாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் முதல் நாள். "கிளட்ச்" என்றாள். மிதித்தேன். "ஒண்ணு" என்றாள். போட்டேன். "விடு" என்றாள். விட்டேன். வண்டி தவளை மாதிரி எம்பிக் குதித்து அணைந்தது. "குழந்தை முழிச்சுக்கிச்சு" என்றாள். உங்கள் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள். சாயங்காலம்வரை குழந்தை விழித்துக்கொண்டேதான் இருந்தது. திட்டினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். மைதானத்தில் பந்து விளையாட வந்தவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நோய் வந்த பிறகு நாங்கள் சண்டையே போடவில்லை, சம்பந்தியம்மா. உடைந்த சாமானைக் கையாள்கிற மாதிரிதான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி.

இப்போது மைதானத்தைச் சுற்றி வருகிறோம். "ரெண்டு" என்று அவள் சொல்வதற்குள் என் கை போய்விடுகிறது. இன்ஜினின் சத்தம் கேட்டே தெரிகிறது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒன்று தெரியவரும் என்று நினைக்கவில்லை.

இனிமேல் எழுதப்போவது சண்டை.

நேற்று பொறுமை ஆயிலைப் பார்த்தார். விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். "இது கொட்டகையில கெடந்த இன்ஜின் இல்லீங்க. லாரியில ஏத்தற வரைக்கும் ஓடிட்டிருந்த இன்ஜின். பிளக்கெல்லாம் புதுசு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மருமகளுக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

பாடம் நடத்துகிற வண்டியின் இன்ஜினைக் கழற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டு, கொட்டகையில் கிடந்த தேய்ந்த இன்ஜினை உங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறீர்களாம். தெருவே புகையாம். பிள்ளைகள் உங்கள் வண்டியைக் 'கொசு மருந்து வண்டி' என்று கூப்பிடுகிறார்களாம். "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று அவள் கேட்டதற்கு, "கத்துக்க வர்றவங்க மூணாவது கியருக்கே போறதில்ல, அவங்களுக்கு இது போதும். மலை ஏறுற வண்டிக்குத்தான் நல்லது வேணும்" என்றீர்களாம்.

என் மனைவியிடம் சொன்னேன். "அவங்களுக்குப் புகை, நமக்கு வண்டியா?" என்றாள். பொறுமையைக் கூப்பிடச் சொன்னாள். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, வெடித்த இன்ஜின் கிடந்த மூலைக்குப் போனாள். "வெளி ஓடுதான வெடிச்சிருக்கு? நான் படுக்கறதுக்கு முன்னாடிதான் பிஸ்டன், ரிங், ஸ்லீவ் எல்லாம் புதுசு போட்டேன். கழட்டுங்க" என்றாள். பொறுமை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

சிலிண்டருக்குள் செருகும் அந்த உருளைகளும் பிஸ்டன்களும் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான் என்று பொறுமை அடித்துச் சொல்கிறார். எதற்கும் நீங்கள் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். எந்த பிஸ்டன் எந்த உருளையோடு என்று அவளே வலது கையால் எண் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றியதும் அவள்தான். இடது கையால் துணியைப் பிடித்தாள். நழுவியது, மறுபடி பிடித்தாள். நான் உதவப் போனபோது முறைத்தாள்.

பெட்டி நாளை லாரியில் ஏறுகிறது. விலை என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என்றும் நன்றியுள்ள,
சம்பந்தி


மே 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியை அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு உங்களை மட்டும் 'ஐயா', 'சம்பந்தி' என்பது சரியில்லை என்று தோன்றியது. அதனால் மாற்றிக்கொண்டேன்.

மகள் வாயில் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். உடைத்துவிட்டாள். போகட்டும். புகை வண்டியை ஓட்டியதில் எனக்கு ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. இருமல் மட்டும் வந்தது. எதிர்க்கடை தையல்காரர் தைத்த துணியெல்லாம் நாறுகிறது என்று சண்டைக்கு வந்தார். இரண்டு மாணவர்கள் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், உங்களிடம் இனி மறைத்துப் பயனில்லை.

பெட்டியை இந்த முறை தனியாக உட்கார்ந்துதான் திறந்தேன். எண்ணெய்த் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அண்ணி கட்டிய முடிச்சுகள். சிலது இறுக்கமாக, சிலது தளர்வாக. எந்தக் கை எந்த முடிச்சைப் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. கடைசித் துணிக்கு வந்தபோது தளர்ந்த முடிச்சே இல்லை, அண்ணா. அதைப் பிரிக்க எனக்கு இடுக்கி தேவைப்பட்டது. நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

உருளைகள் எல்லாம் சொன்னபடி உட்கார்ந்தன. நானே இறக்கினேன், நானே பூட்டினேன். முதல் தடவை சாவியைத் திருப்பியபோது பழைய புகை கொஞ்சம் வந்தது. அப்புறம் சுத்தம். தையல்காரர் கடையை விட்டு வெளியே வந்து, புகைக்குழாய் பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பத் தைக்கலாம்" என்றார். போன மாணவர்களில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். நேற்று அவளை நாலாவது கியர்வரை போடவைத்தேன்.

இந்த ஸ்கூலை ஆரம்பித்த நாளிலிருந்து எது கெட்டாலும் நானேதான் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு சொல் விழும் என்று பயம். கேட்காமலே ஒருவர் பெட்டி அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நன்றி அண்ணா. அண்ணிக்கும் நன்றி. உங்கள் பொறுமைக்கும்.

ஒரு முறை இரண்டு பேரும் இங்கே வாருங்கள். பிள்ளைகளும் அடுத்த மாதம் வருகிறார்கள். பஸ்ஸில் வேண்டாம். அண்ணிக்கு ஏற இறங்கச் சிரமம். நான் வண்டியோடு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

தங்கை


ஜூன் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் வர வேண்டாம்.

போன வாரம் லைசென்ஸ் அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்து பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்சீட்டு எங்கள் வண்டியில் கிடையாதே. டாக்டர் கொடுத்த சான்றிதழை வாசித்தார். இரண்டு பக்கமும் பெடல் இருப்பதைப் பார்த்தார். "இதுல யாருங்க டிரைவர்?" என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள். "யாராவது ஒருத்தர் ஓட்டுங்க" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. 'கிளட்ச்' என்று சொல்லவில்லை, 'விடு' என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் பூப்போல மேலே ஏறியது. "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?" என்று அதிகாரி கேட்டார். சொன்னோம். "அதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பெடல்களோடு பக்கத்தில் இருந்தால்தான் அவள் ஓட்டலாம் என்று போட்டிருக்கிறார். அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.

ஊன்றுகோல் இப்போது வண்டியில்தான் கிடக்கிறது. பண்ணைக்குள் அது இல்லாமல்தான் நடக்கிறாள். மெதுவாகத்தான், ஒரு பக்கம் சாய்ந்துதான். ஆனாலும் செடிகளுக்கு நடுவே அவள் தலை நகர்ந்து நகர்ந்து போவதை என் பட்டறை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். வேலை ஓடுவதில்லை. ஒருவருக்கு மேல்தாடைக்குப் பதில் கீழ்த்தாடையைச் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறோம். மலையை விட்டு இறங்கி, நிறுத்தி நிறுத்தி வருவோம். வண்டி நிறைய ரோஜா நாற்றுகள். உங்கள் வாசலுக்கும் தையல்காரர் கடைக்கும். பொறுமையும் ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறார். இன்ஜினுக்குத் துணையாம், ஆனால் உண்மையில் அவர் உங்களைப் பார்க்கத்தான் வருகிறார். சுவரில் மாட்டிய கடிதத்தை எழுதியவரை ஒரு தடவை கும்பிட வேண்டும் என்கிறார்.

மீதியை அவளே எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறாள்.

அன்புடன்,
அண்ணா

அண்ணி, நான்தான். கடுதாசியை இடது கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எழுதறேன். கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. நிறைய எழுதணும்னு நினைச்சேன், நேர்ல சொல்றேன். வாசல்ல நிறைய இடம் விட்டு வைங்க. முன்னாடி போறது எல்லாம் நல்லா வருது. ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் இவர் கண்ணை மூடிக்கறார்.